சாமி சாப்பிட்டாச்சா?

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் ஆஸ்பத்திரித் தராசில் குழந்தையைக் கிடத்திவிட்டு நர்ஸம்மா உதட்டைப் பிதுக்கினாரே, நினைவிருக்கிறதா? அன்றிலிருந்து பட்டினப்பாக்கத்தில் முத்தம்மா வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை.

"எடை ஏறவே இல்லையேம்மா. பால் பத்தல. நீ வேளைக்கு நல்லா சாப்பிட்டாதான் பாப்பாவுக்குப் பால் ஊறும். வர்ற வெள்ளிக்கிழமை தூக்கிட்டு வா. அப்பவும் இப்படியே இருந்தா பவுடர் பால் குடுக்கிறதைப் பத்தி டாக்டர்தான் சொல்லணும்."

நர்ஸம்மா அன்பாகத்தான் சொன்னார். ஆனால் டயானா ஆட்டோவில் வீடு வரும்வரை அழுதாள். ஒன்றரை மாதக் குழந்தை. இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. மாதாவின் பெயரா, அம்மனின் பெயரா என்று இரண்டு வீட்டுக்கும் இழுபறி. அதனால் அது இப்போதைக்கு வெறும் பாப்பா.

பால் பத்தவில்லை என்றால் முத்தம்மாவுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: பால் சுறா. அவித்து, தோலை உரித்து, உதிர்த்துப் பிழிந்து, பூண்டும் பச்சை மிளகாயும் போட்டுப் புட்டு செய்து கொடுத்தால் கல்லுக்கும் பால் சுரக்கும் என்பாள். லூப் ரோட்டு மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அவளுக்கு இல்லாத சுறாவா?

இருந்து என்ன பிரயோஜனம்? வீட்டில் சாமி இருக்கிறார்.

சாமி வேறு யாருமில்லை. அவள் பெற்ற பிள்ளை சூர்யாதான். பாப்பா பிறந்தபோது உடனே அழவில்லை. உள்ளே டாக்டர்கள் ஓடிக்கொண்டிருக்க, வராந்தாவில் நின்றவன் ஐயப்பனை வேண்டிக்கொண்டான். கார்த்திகை பிறந்த அன்றே மாலை போட்டுவிட்டான். அவர்கள் குருசாமி கண்டிப்பானவர். மீன் மட்டுமில்லை, வெங்காயம், பூண்டுகூட வீட்டுக்குள் நுழையக் கூடாது. முத்தம்மாவின் மீன் சட்டியும் பூண்டுக் கூடையும் எதிர் வீட்டுக்குக் குடிபோய்விட்டன.

பிள்ளைக்காகப் போட்ட மாலை பிள்ளையின் பாலுக்கே குறுக்கே நிற்கிறது. இதை வெளியில் சொன்னால் சாமி குற்றம். சொல்லாவிட்டால் நெஞ்சு வெடிக்கிறது. முத்தம்மாவின் நிலைமை இதுதான்.

வெள்ளிக்கிழமை நாளைக்கு. இன்று வியாழன்.

விடியும்போதே மழை. ராயப்பேட்டையிலிருந்து வரும் உபைத் பாயின் காய்கறி வண்டி பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றது. தலைக்கு ஊற்றிய ஈரத்தோடு முத்தம்மா மூன்று மாடி இறங்கி வந்தாள். பச்சை மொச்சையைக் கை நிறைய அள்ளி மூக்கருகே கொண்டுபோனாள்.

"இன்னாக்கா, மோந்து பாக்குற? அது இன்னா நெத்திலியா?"

"வாய மூடு பாய். கண்ணு, செவுள் எதுனா இருந்தா பாத்து வாங்குவேன். இதுல இன்னாத்த பாக்கறது? நேத்து குட்த்த சேப்பங்கெழங்கு வழவழன்னு ஆயிப்போச்சு."

"அவிச்சிட்டு ஆற வச்சி வறுக்கணும்கா. சூட்டோட போட்டா அப்பிடித்தான் ஆவும். இந்த மொச்சைய எடுத்துக்கோ. இந்த வருசம் இப்பதான் வர ஆரம்பிச்சிருக்கு. பூசணிக்கீத்து ஒண்ணு போடவா?"

"முருங்கைக்கீரை கீதா? பால் குடுக்கற பொண்ணுக்கு."

"இந்த மழைக்கு மரமெல்லாம் கம்பளிப்பூச்சி. நானே வாங்கல. சொரக்காய் எடுத்துக்கினு போ."

மீன்காரி காய்கறிக்காரனிடம் யோசனை கேட்கும் காலமும் வந்துவிட்டதே என்று நொந்துகொண்டே முத்தம்மா எல்லாவற்றையும் வாங்கினாள். பூண்டு தட்டிப் போடாத மொச்சைக் குழம்பைத் தாளிக்கும்போது கை இரண்டு தடவை தானாகவே பூண்டைத் தேடியது. சேப்பங்கிழங்கை இந்தமுறை ஆறவிட்டு வறுத்தாள். சோற்றை வடித்து, கரண்டியால் மேலே மட்டமாகத் தட்டி மூடி வைத்தாள்.

பூஜை முடித்து, கறுப்பு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சூர்யா வந்தான். சாப்பாடு டெலிவரி செய்கிறவன். முதுகில் ஊராருடைய பிரியாணி, கழுத்தில் துளசி மணி, காலில் செருப்பில்லை. இந்த மழையில் வெறும் காலோடு மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும் நாள் முழுக்க ஓடுகிறான்.

"சாமி, ஒரு டம்ளர் பால் குடிச்சிட்டுப் போங்க" என்றாள் முத்தம்மா. மாலை போட்டதிலிருந்து ஒருதடவைகூட அவள் வாயில் 'டா' வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"மத்தியானம் மந்தைவெளிக் கோயில்ல சாமிங்களோட சாப்டுறேம்மா. டயானா, நீ டைமுக்கு சாப்டு. நாளைக்கு வெயிட்டு பாக்கணும்."

"ம்" என்றாள் டயானா. பாப்பாவின் உள்ளங்காலை ஒருதடவை தொட்டுவிட்டு அவன் இறங்கிப் போனான். பின்னாலேயே முத்தம்மாவும் மார்க்கெட்டுக்குக் கிளம்பினாள்.

வீட்டில் டயானாவும் குழந்தையும் மட்டும்.

இப்போது உங்களுக்கு மட்டும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் இது வேறு யாருக்கும் தெரியாது.

மாலை போட்ட மறுநாள் கீழ் வீட்டு அக்கா டயானாவிடம் பேச்சுவாக்கில் சொன்னாள்: "சாமி சாப்ட்டப்புறம்தான் வூட்டுப் பொம்பளைங்க வாயில சோறு வைக்கணும். சாமி வூடுன்னா சும்மாவா?" அந்த அக்காவின் வீட்டுக்காரரும் மாலை போட்டிருக்கிறார். அவர் உச்சிப்பொழுதுக்கு டாணென்று வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிடுவார். அவளுக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

டயானாவின் சாமி அப்படியா? மத்தியான ஆர்டர்கள் எல்லாம் ஓய்ந்த பிறகுதான் மந்தைவெளிக்குப் போவான். மழை நாளில் ஊரே வீட்டுக்குச் சாப்பாடு வரவழைக்கிறது. அதனால் இன்னும் தாமதம். சாப்பிட்டதும் செய்தி அனுப்புவான்: 'சாப்ட்டேன். நீ?' டயானா உடனே பதில் போடுவாள்: 'அப்பவே ஆச்சு.' அதன் பிறகுதான் எழுந்து தட்டை எடுப்பாள். அதற்குள் பசி செத்துப் போயிருக்கும். நான்கு வாய் இறங்கும். மீதியை மாமியார் வருவதற்குள் கீழே பூனைக்குக் கொட்டிவிடுவாள்.

படித்த பெண்தானே, சாந்தோம் பள்ளிக்கூட டீச்சர் பெற்ற பெண்தானே, இதுகூடத் தெரியாதா என்று நீங்கள் கோபப்படுவது நியாயம்தான். ஆனால் கல்யாணமான புதிதில் முத்தம்மா யாரிடமோ சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. "சர்ச்சுல வளந்த பொண்ணு. நம்ம சாமிக்கு இன்னா பண்ணணும்னு இதுக்கு இன்னா தெரியும்?" அந்த வார்த்தை அவளுக்குள் அப்படியே இருந்தது. அதைவிடப் பெரிது பயம். இந்த வேண்டுதல் பாப்பாவின் மூச்சுக்காக. தன்னால் முறை தவறி அந்த மூச்சுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அவளுடைய சாமியாக இருந்தால் எது பாவம், எது பரவாயில்லை என்று தெரியும். இது அவருடைய சாமி. யாரிடம் கேட்பாள்?

அன்று மத்தியானமும் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழை விடவில்லை. செய்தி வரவில்லை. பாப்பா மார்பில் வாயை வைத்து உறிஞ்சியது, விட்டது, முகத்தைச் சுளித்து வீறிட்டது. மறுபக்கம் மாற்றிப் பார்த்தாள். அங்கேயும் அதே கதைதான். "கொஞ்சம் பொறுடா கண்ணு. அப்பா சாப்பிட்டுடட்டும்" என்றாள். சொல்லும்போதே அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மார்க்கெட்டில் வியாபாரம் சுத்தமாகப் படுத்திருந்தது. கார்த்திகையில் பாதி ஊர் சைவமாகிவிடும். மீதிப் பாதியை மழை வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டது. ஆனால் முத்தம்மாவின் கண் வியாபாரத்தில் இல்லை. காலையில் வந்த மீனில் கையளவு பால் சுறா ஒன்று இருந்தது. அதை யாருக்கும் காட்டாமல் ஐஸுக்கு அடியில் புதைத்து வைத்திருந்தாள். சம்பந்தி ரோஸிக்குப் போன் போட்டாள்.

"சம்மந்தி, பால் சுறா ஒண்ணு வச்சிக்கினு கீறேன். உங்க வூட்ல புட்டு செஞ்சி, டயானாவை அங்கயே வரவச்சி குட்த்துடலாமா? எங்கூட்லதான் சாமி கீறாரே."

"நீங்க இப்பதான் யோசிக்கிறீங்களா?" என்றார் ரோஸி டீச்சர். "நான் காலையிலேயே செஞ்சு டிபன் பாக்ஸ்ல போட்டாச்சு. மழை லீவு விட்டுட்டாங்க. ஆட்டோல வந்துகிட்டே இருக்கேன்."

"எங்க வரீங்க?"

"உங்க வீட்டுக்குத்தான்!"

அவ்வளவுதான். முத்தம்மா கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, ஐஸ் டப்பாவோடு மழையில் ஓடினாள். சுறாப் புட்டு தன் வாசல்படியைத் தாண்டுவதற்குள் தான் போய்ச் சேர வேண்டும். வேறு நினைப்பே இல்லை அவளுக்கு.

இரண்டு பேரும் மாடியில், வீட்டு வாசலில்தான் சந்தித்தார்கள். ரோஸி கையில் டிபன் பாக்ஸ், முத்தம்மா கையில் ஐஸ் டப்பா. இரண்டு பேர் புடவையிலும் தண்ணீர் சொட்டியது.

"உள்ள வேணாம் சம்மந்தி. உங்க கால்ல வுழறேன். எதிர் வூட்டாண்ட வச்சி குடுங்க."

"என் பொண்ணு அவ வீட்டுல உக்காந்து சாப்பிடக்கூடாதா? பிச்சைக்காரி மாதிரி அடுத்த வீட்டு வாசல்லயா சாப்பிடணும்?"

"நான் அப்படியா சொன்னேன்? சாமி மாலை போட்டுக்கினு கீறாரு. ஒண்ணுன்னா ஒண்ணு ஆயிடுமேன்னுதான்..."

"என் பேத்தி எலும்பும் தோலுமா கிடக்கிறா. அது உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?"

சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தாள் டயானா. தோளில் பாப்பா அழுதுகொண்டிருந்தது. ரோஸி கோபத்தில் அங்கேயே டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டார். பூண்டும் மீனும் சேர்ந்த வாசனை. டயானாவுக்கு நாக்கில் நீர் ஊறியது. கண்ணிலும் ஊறியது.

"சாப்பிடு. இங்கேயே நின்னு சாப்பிடு. நான் பாத்துக்கறேன்."

"வேண்டாம் மம்மி."

"ஏண்டி?"

"சாமி இன்னும் சாப்பிடலை."

முத்தம்மாவுக்கு முதலில் புரியவில்லை. ஐஸ் டப்பாவை வெளியிலேயே வைத்தாள். குழாயடியில் கை கால் கழுவி, தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போனாள். சோற்றுப் பானையைத் திறந்தாள். காலையில் தட்டி வைத்த சோறு தட்டியபடியே இருந்தது. மொச்சைக் குழம்பின் மேல் ஏடு கட்டியிருந்தது. வறுத்த சேப்பங்கிழங்கில் ஒரு துண்டுகூடக் குறையவில்லை. மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

"இன்னாம்மா இது? நீ இன்னும் சாப்டலையா?"

"சாமி சாப்பிட்ட பிறகுதானே அத்தை நாம சாப்பிடணும்? அவர் மெசேஜ் இன்னும் வரலை."

"தெனமும் இப்பிடியா?"

டயானா தலையை மட்டும் ஆட்டினாள்.

ரோஸியின் கையிலிருந்து டிபன் பாக்ஸ் மூடி கீழே விழுந்து உருண்டது. "பச்சை உடம்புக்காரி பட்டினி கிடக்கிறதா? யாருடி சொன்னா உனக்கு? இவங்கதானே?"

"சத்தியமா நான் சொல்லல சம்மந்தி! நானே காலைல கடைல குந்திக்கினு இட்லி துன்றேன்..."

சொல்லும்போதே முத்தம்மாவுக்கு உறைத்தது. ஆமாம், தினமும் காலையில் வயிறாரச் சாப்பிட்டாள். ஒருநாள்கூடச் சாமி சாப்பிட்டாரா என்று அவள் நினைத்ததில்லை. இந்தக் கட்டுப்பாடு தனக்கும் உண்டு என்றே அவளுக்குத் தோன்றியதில்லை. வேறு கோயிலில் வளர்ந்த பெண் அதை ஒரு பருக்கை விடாமல் கடைப்பிடித்துக்கொண்டிருக்கிறாள். தான் சுறாவுக்கு வழி தேடித் தவித்தபோது சோறு அடுப்பங்கரையிலேயே இருந்திருக்கிறது. முத்தம்மாவுக்கு அவமானமாக இருந்தது.

"யாரும் சொல்லலை மம்மி. கீழ் வீட்டு அக்கா பேச்சுவாக்கில சொன்னாங்க. நானாத்தான்..." டயானா பாப்பாவை இறுக்கிக்கொண்டாள். "முறை தப்பிப் பாப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன செய்வேன்?"

பேசிக்கொண்டே குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றப் போனவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். முத்தம்மா பாய்ந்து பாப்பாவை வாங்கிக்கொண்டாள். ரோஸி டிபன் பாக்ஸை வெளியே ஐஸ் டப்பாமேல் வைத்துவிட்டு மகளைப் பிடித்து உட்கார வைத்தார். டயானாவின் உதடு வெளுத்திருந்தது. ரோஸி கரைத்துக் கொடுத்த சர்க்கரைத் தண்ணீரைக்கூட "அவர் வரட்டும்" என்று தள்ளிவிட்டாள்.

முத்தம்மா போனை எடுத்தாள். "சாமி, எங்க கீறீங்க? எந்த ஆர்டரா இருந்தாலும் வுட்டுட்டு ஒடனே வூட்டுக்கு வாங்க."

அடையாறிலிருந்து சூர்யா எப்படித்தான் வந்தானோ, வண்டியைப் போட்டுவிட்டு மூன்று மாடியும் ஓடி வந்தான். வெறும் கால் முழுக்கச் சேறு. குழந்தைக்கு என்னவோ என்றுதான் பயந்திருந்தான். ரோஸி எல்லாவற்றையும் சொன்னார். டீச்சர் அல்லவா, ஒன்றையும் விடாமல் சொன்னார். முடிவில் இதையும் சொன்னார்:

"தம்பி, உங்க சாமிமேல எனக்கு ஒரு விரோதமும் இல்லை. ஆனா ஒண்ணு இந்த மாலையைக் கழட்டுங்க. இல்லைன்னா என் பொண்ணையும் பேத்தியையும் இப்பவே சாந்தோமுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

சூர்யா போனை எடுத்து அந்தச் செய்திகளைப் பார்த்தான். சாப்ட்டேன். நீ? அப்பவே ஆச்சு. சாப்ட்டேன். நீ? அப்பவே ஆச்சு. மேலே மேலே தள்ளிக்கொண்டே போனான். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனான். தட்டில் சோற்றைப் போட்டான். மொச்சைக் குழம்பை ஊற்றினான். ஓரத்தில் சேப்பங்கிழங்கை வைத்தான். டயானாவின் எதிரில் மண்டி போட்டு உட்கார்ந்தான்.

"சாப்டு."

"நீங்க?"

"நான் சாப்ட்டேன். மெசேஜ் போடத்தான் மறந்துட்டேன்."

முத்தம்மா மகனைப் பார்த்தாள். பசித்தால் அவனுக்கு இடது கண் சுருங்கும். கைக்குழந்தையிலிருந்தே அப்படி. இப்போதும் சுருங்கியிருந்தது. மாலை போட்ட சாமி பொய் சொல்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் பாப்பாவின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டயானா சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்தாள். அந்த நேரம் பார்த்துச் சூர்யாவின் போன் அடித்தது. மழையில் நனைந்து நனைந்து அதில் ஸ்பீக்கரில் மட்டும்தான் பேச முடியும். அவன் எடுத்ததும் வீடு முழுக்கக் கேட்டது.

"சாமி, ராம்குமார் பேசறேன். எங்க கீறீங்க? எல்லா சாமியும் சாப்ட்டாச்சு. உங்க எலை மட்டும் போட்டது போட்டபடி கீது. குருசாமி கேக்குறாரு."

டயானாவின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

சூர்யா தலையைக் குனிந்துகொண்டான். "இன்னிக்கு எனக்கு வேணாம் சாமி. எலைய எடுத்துடுங்க. சாயந்தரம் குருசாமிய பாத்து ஒண்ணு பேசணும். சொல்லிடுங்க."

"இன்னாடா பேசப் போற?" என்றாள் முத்தம்மா.

இந்தக் கார்த்திகையில் அவள் வாயிலிருந்து வந்த முதல் 'டா'. அவள்கூட அதைக் கவனிக்கவில்லை. சூர்யாவின் விரல்கள் கழுத்திலிருந்த மணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தன. ரோஸியும் அந்த விரல்களைத்தான் பார்த்தார். மாலையைக் கழற்றச் சொன்னவர் அவர்தான். இப்போது கழற்றிவிடுவானோ என்று அவருக்கே பயமாக இருந்தது.

டயானா புருஷனைப் பார்த்தாள். பொய்யின் கஷ்டம் அவளுக்குத் தெரியும். தினமும் சொன்னவள் அவள். முத்தம்மாவின் மடியில் பாப்பா அழுது ஓய்ந்து, தன் கை முஷ்டியையே வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தாள்.

பார்த்துவிட்டுக் கவளத்தை வாயில் போட்டாள்.

மென்றாள். விழுங்கினாள். அடுத்ததைப் பிசைந்தாள். கண்ணிலிருந்து வழிந்தது தட்டில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. சாமி சாப்பிடவில்லை என்று நன்றாகத் தெரிந்தேதான் சாப்பிட்டாள். தட்டில் சோறு மட்டும் மிஞ்சியபோது நிமிர்ந்தாள்.

"அத்தை, கொழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் இன்னும் கொஞ்சம் என்று கேட்டது இதுதான் முதல் தடவை. முத்தம்மா பாப்பாவைச் சம்பந்தியின் கையில் கொடுத்துவிட்டு ஓடிப்போய்க் குழம்புச் சட்டியையே தூக்கிக்கொண்டு வந்தாள்.